தேவ அன்பும் உறவும்

தமிழிலே அன்பு என்றும் அருள் என்றும் இரண்டு சொற்கள் உள. பேச்சு வழக்கில் ஒன்றன் இடத்தில் மற்றொன்று நின்று வழங்கினும், நூல் வழக்கில் இவை தம்முள் வேறுபட்டனவேயாம். திருவள்ளுவர் அன்புடைமையை 8-ஆம் அதிகாரமாக இல்லறவியலில் வைத்தார். அருளுடைமையை 25-ஆம் அதிகாரமாகத் துறவறவியலின் தொடக்கத்தே வைத்தார். உரையாசிரியராகிய பரிமேலழகர், மனைவி மக்கள் முதலாய தொடர்புடையார்மேற் செல்வது அன்பு என்றும், தொடர்பு நோக்காது எவ்வுயிர்மேலும் இயல்பாகச் செல்லும் இரக்கம் அருள் என்றும் பொருள்பட உரைத்து, இவ்வைப்பு முறையை விளங்கவைத்தார். இல்லத்திலே பிறப்பது அன்பு. அது முதிர்ந்து இல்லத்தின் எல்லையைக் கடந்தவிடத்து அருளாகின்றது. நம் முன்னோர் கண்ட படிமுறை இது.

நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் வேதாகமத்திலோ, கடவுளின் இயல்பைக் கூறவந்த இடத்து அருள் என்னாது அன்பு என்றே கூறப்பட்டிருக்கின்றது. யோவான் எழுதிய முதலாம் நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தைப் படித்தோர் இதனை அறிவர். மொழிபெயர்த்த பெரியோர் பரிமேலழகர் உரையை முன்வைத்துக்கொண்டு இச்சொல்லைத் தேர்ந்தனர் என்று சாதிக்க யான் வரவில்லை. ஆயினும் தமிழ் கற்பார் ஒருவர் இச்சொல்லின்முன் சற்றே நின்று சிந்தித்தற்கு இடமுண்டு. அண்ட சராசரங்களைப் படைத்தவர் மண்ணிலுள்ள மாந்தர்மேற் கொண்டது அருள் எனின், உயர்ந்தவர் தாழ்ந்தவர்க்கு இரங்கினார் என்ற அளவில் அமையும். அன்பு எனின், அவர் நம்மைத் தொடர்புடையாராகக் கொண்டார், உறவினராக்கினார் என்பது பெறப்படும். கிறிஸ்தவ ஜீவியம் தேவ அன்பிலே வேரூன்ற வேண்டும் என்று நாம் ஞாயிறுதோறும் கேட்கின்றோம். அவ்வுறவு மெய்யென்று கொண்டு நடப்பதே அதன் பொருள் என்பது என் துணிபு. அங்ஙனம் நடக்கின்றோமா என்று கேட்டுக்கொள்வது நம் கடன்.

லூக்கா சுவிசேஷத்தின் 15-ஆம் அதிகாரத்திலுள்ள இளைய குமாரன் உவமையை அறியாதார் நம்முள் இலர். ஞாயிற்றுப் பள்ளியிலே கேட்டுக் கேட்டு அதன் கூர்மை நமக்கு மழுங்கிவிட்டது என்று சொல்வதே பொருந்தும். தந்தையின் ஆஸ்தியை அழித்துப் பன்றி மேய்த்து மீளும் இளையவன், வழியிலே ஒரு விண்ணப்பத்தை நெஞ்சிற் புனைந்துகொண்டு வருகின்றான். மகன் என்னும் பெயர்க்குத் தான் பாத்திரன் அல்லன் என்பது அதன் முற்பாதி; கூலியாளருள் ஒருவனாகவேனும் தன்னை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பிற்பாதி. தந்தையின்முன் நின்று அவன் முற்பாதியைச் சொன்னான். பிற்பாதி அவன் வாயினின்று வெளிவரவில்லை. அதற்குள் நல்ல வஸ்திரமும் மோதிரமும் பாதரட்சையும் கொணருமாறு ஏவலாளர்க்குக் கட்டளை பிறந்துவிட்டது. கூலி பேசுவதற்கு அவ்வீட்டிலே இடமில்லை. தன் வீட்டிற் சோறுண்ணும் பிள்ளை அதற்கு விலை கொடுப்பதும் இல்லை; வீட்டுப் பணி செய்த பிள்ளை அதற்குக் கூலி கேட்பதும் இல்லை.

நம்மிற் பலர் கடவுளோடு வாழும் வாழ்வைக் கூர்ந்து நோக்கின், அது பிள்ளையின் வாழ்வாகத் தோன்றாது, கூலியாளின் வாழ்வாகவே தோன்றும். இத்துணை அதிகாரம் வாசித்தேன், இத்துணை நாள் உபவாசித்தேன், இத்துணைக் காணிக்கை இட்டேன், ஆதலின் இன்னது தருக என்பதே நம் ஜெபங்களின் உட்கிடையாக இருக்கின்றது. பரீட்சை அணுகும் நாட்களில் விடுதியின் ஜெப அறையிலே இடங்கிடைப்பது அருமை. கடைசித் தாளை எழுதிய மறுநாட் காலையிற் சென்று பார்ப்பார்க்கோ, அங்கே விரித்துள்ள பாய்களை இடையூறின்றி எண்ணும் பேறு வாய்க்கும். நகைப்பிற்காக மட்டும் இதனை எழுதினேனல்லேன். கணக்கு வைப்பவனது உள்ளத்தினின்று அச்சம் ஒருகாலும் நீங்குவதில்லை. சுரம் வந்தால் எப்பாவத்திற்கு இத்தண்டனை என்று தேடுவான். தேர்ச்சி பெற்றால் எப்பொருத்தனைக்கு இப்பரிசு என்று மகிழ்வான். தோல்வியுற்றாலோ, தன்னைக் கடவுள் கைவிட்டார் என்று வாளா இருந்துவிடுவான். நம்மோடு பயிலும் இளைஞருள் மனஞ்சோர்ந்து ஆலயம் வருவதையே விட்டவர் சிலரை யான் அறிவேன். அவர்கள் விட்டது அன்பையன்று, வாணிகத்தையே என்பது என் எண்ணம். அன்பை அவர்க்கு யாரும் காட்டியிலர்.

இவ்வாணிகத்தைப் பழந்தமிழ்ப் புலவரே இழிவென்று கருதினர். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்றின் 134-ஆம் பாட்டிலே ஆய் அண்டிரனைப் புகழுமிடத்து, மறுமைப் பயனை விலையாக எண்ணிக் கொடுப்பவன் அவன் அல்லன் என்றும், பெரியோர் நடந்த வழி இது என்பதொன்றே அவன் கொடைக்குக் காரணம் என்றும் கருத்தமையப் பாடினார். பொதியமலைத் தலைவன் ஒருவன் தன் ஈகைக்கு விலை கேட்டிலன் எனின், கேளாமுன்னரே கொடுக்கப்பெற்ற நாம் விலைபேசி நிற்பது நாணத்தக்கதன்றோ?

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையவர்கள் 1894-ல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தை நம்மிற் பலர் பாடத்திற்காகவேனும் புரட்டியிருப்போம். அதற்கு முதனூலாகிய பனியனது கதையிலே, பாவச்சுமையை முதுகிற் சுமந்து புறப்படும் யாத்திரிகனுக்கு அச்சுமை விழும் இடம் யாது? முடிவிலுள்ள வானநகரின் வாயில் அன்று. வழியின் தொடக்கப் பகுதியிலேயே, சிலுவையின் அடியில் அது விழுந்துவிடுகின்றது. ஏறுதற்கரிய மலையும், மரணநிழற் பள்ளத்தாக்கும், மாயாபுரிச் சந்தையும் அதன் பின்னரே வருகின்றன. சுமை நீங்கும்பொருட்டு அவன் நெடுவழி நடந்தானல்லன். சுமை நீங்கிய பின்னரே நெடுவழி நடந்தான்.

நிற்க. உவமையின் பிற்பகுதிக்கு வருவோம். மூத்தவன் வயலினின்று மீள்கின்றான்; வீட்டிலே இசையும் ஆடலும் கேட்டுச் சினந்து உள்ளே புக மறுக்கின்றான். வெளியே வந்து வருந்தி அழைக்கும் தந்தையிடம் அவன் கூறும் முறையீடு முழுதும் கணக்கே. இத்துணை ஆண்டு ஊழியம், மீறாத கட்டளைகள், கிடைக்காத ஆட்டுக்குட்டி என அது விரிகின்றது. அதனினும் நோக்கத்தக்கது பிறிதொன்று உண்டு. திரும்பி வந்தவனைத் தன் தம்பி என்று அவன் ஓரிடத்தும் சுட்டவில்லை. தந்தையின் மகன் என்றே சுட்டுகின்றான். தந்தையோ விடைகூறுங்கால் அச்சொல்லைத் திருத்தி, வந்தவன் உனக்குச் சகோதரன் என்று உறவை மீட்டு அவன் கையிற் கொடுக்கின்றார். தந்தையோடு கணக்கு வைத்தவன் தம்பியோடு பந்தியில் அமர மறுத்தான். இவ்விரண்டும் ஒரு நோயின் இரு குறிகள். தன் தகுதியினாலே வீட்டில் இடம்பெற்றதாக எண்ணுவோன், தகுதியில்லான் ஒருவன் அருகில் அமர்வதைத் தன் இடத்திற்கு வந்த குறைவாகவே கொள்வான். தனக்கு இடம் இலவசமாய்க் கிடைத்தது என்று அறிந்தவனுக்குக் காப்பதற்கு மேன்மை ஒன்றும் இல்லை.

இந்நோய் தமிழ்நாட்டுத் திருச்சபைக்குப் புதிதன்று. 1733-ல் தரங்கம்பாடி மிஷனிலே ஆரோன் என்பார் குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்டண்டுச் சபையில் இந்தியர் ஒருவர் பெற்ற முதற் குருப்பட்டம் அது; நாம் பெருமையுடன் நினைவுகூர்வது. அக்காலத்தே அம்மிஷனில் இராஜநாயக்கன் என்னும் உபதேசியார் ஒருவரும் இருந்தார். தஞ்சை மன்னர் படையிற் சேவகம் புரிந்தவர். தஞ்சை நாட்டிலே பல இடர்களுக்கு இடையே ஊழியம் செய்தவர். தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்தவர். அவர்க்குப் பட்டம் அளிப்பதைப் பற்றி எண்ணம் எழுந்தும் அஃது அளிக்கப்படவில்லை. மேற்குலத்தினின்று வந்த கிறிஸ்தவர் அவர் கையினின்று இராப்போஜனம் பெற உடன்படார் என்ற அச்சம் தடையாய் நின்றது. கர்த்தருடைய பந்தி என்று நாம் பெயரிட்டழைக்கும் அப்பந்தியிலே, அப்பம் பிட்டுக் கொடுக்கும் கையின் குலம் விசாரிக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் சபைச் சரித்திரத்தில் இதனினும் எனக்குத் துயரம் தருவது வேறில்லை.

நூறாண்டு கழித்து, 1833-ல், கல்கத்தா அத்தியட்சராகிய தானியேல் வில்சன், சபைகளிற் சாதி வேற்றுமை ஒழிக என்று நிருபம் விடுத்தார். தஞ்சையிலே பலர் அதற்கு இணங்காது நின்றனர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியாரும், சாதி வழக்கங்களை மாற்ற முற்பட்ட புதிய குருமாரை எதிர்த்து எழுதினார். அவருடைய கீர்த்தனங்கள் இன்று எக்குலத்துக் கிறிஸ்தவராலும் பாடப்படுகின்றன. அப்புலவர்பால் எனக்குள்ள மதிப்புப் பெரிது. ஆயினும், சாதி உலகியல் ஒழுக்கமே, விசுவாசத்திற்கு மாறன்று என்று அக்காலத்தார் உரைத்த வாதத்தை யான் ஏற்கேன். பாட்டு ஒன்றாகவும் பாய் வேறாகவும் இருக்கலாம் எனின், அப்பாட்டு யாரைக் குறித்துப் பாடப்படுகின்றது?

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலுள்ள வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர் ஆலயம் ஒன்று உண்டு. 1872-ல் அது கட்டி முடிந்தபொழுது, பீடத்தினின்று இருகிளையாகப் பிரிந்து செல்லும் வடிவில் அமைந்திருந்தது. ஒரு கிளை வேளாளர்க்கு, மற்றது நாடார்க்கு, இடையிலே சுவர். இரு கிளையாரும் பீடத்தைக் காண்பர், ஒருவரை ஒருவர் காணார். அவ்வாலயத்தின் பெயரோ திருக்குடும்ப ஆலயம்! 1910-ஆம் ஆண்டளவில் அப்பிரிவினைச் சுவர் இடிக்கப்பட்டது, வழக்கும் நடந்தது, சுவர் மீளவில்லை. நம் சபை வேறு, அவர் சபை வேறு என்று இச்செய்தியைத் தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை. கண்ணிற்குத் தெரியும் சுவரை ஒரு சபையார் கட்டினர். சுவரின்றியே தனித்தனி அமரும் கலையை மற்றொரு சபையார் கற்றிருந்தனர்.

சுவர் இடிந்தபின் எல்லாம் சரியாயிற்றோ எனின், ஆகவில்லை. சில ஊர்களிலே கல்லறைத் தோட்டத்தினுள் இன்றும் பிரிவினை நிற்கின்றது. இறந்தோர் உயிர்த்தெழுவர் என்று விசுவாசப் பிரமாணம் சொல்லி அடக்கம் செய்யும் நாம், உயிர்த்தெழுங்கால் எவர் எப்பக்கம் எழவேண்டும் என்பதையும் ஏற்பாடு செய்துவைத்திருக்கின்றோம்.

இனி, இச்சபைகளிலே தருமம் இல்லையோ என்று ஒருவர் வினவலாம். மிகுதியும் உண்டு. கிறிஸ்துமஸ் காலத்தில் சேரிக்கு வேட்டியும் புடைவையும் செல்கின்றன; வெள்ளம் வந்தால் அரிசி மூட்டைகள் செல்கின்றன; ஏழை மாணாக்கர்க்குச் சம்பளம் கட்டப்படுகின்றது. இவற்றை யான் எளிதாகக் கருதுவேனல்லேன். மிஷன் பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும் இல்லையாயின் நம்மிற் பலருடைய பாட்டன்மார் கைந்நாட்டோடு நின்றிருப்பர். ஆனால் இவையனைத்தும் அருள் என்னும் சொல்லின் எல்லைக்குள் அடங்கும். கொடுக்கும் கை மேலே இருக்கின்றது, வாங்கும் கை கீழே இருக்கின்றது; கொடுத்தபின் இருவரும் தத்தம் தெருவிற்குப் போகின்றனர். நம்மிடம் கேட்கப்பட்டதோ அன்பு. அருள் அன்பிலே பிறந்த குழவி என்று குறள் உருவகம் செய்கின்றது. தாயை வாசலிலே நிறுத்திவிட்டுக் குழவியை மட்டும் சீராட்டுகின்றோம் நாம். புடைவை பெற்ற மூதாட்டி, அப்புடைவையை உடுத்து நம் வீட்டுக் கலியாணப் பந்தியிலே நம் அத்தையின் பக்கத்தில் இலைமுன் அமரக்கூடுமா என்பதே சோதனை. அங்கே தெரிந்துவிடும், நாம் அவளுக்கு இரங்கினோமா, அவளை உறவாகக் கொண்டோமா என்பது.

இஃது ஆகாத காரியம் என்பார்க்கு ஒரு செய்தி சொல்வேன். திருப்பத்தூரில் 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமம் தோன்றியது. அதனை நிறுவியோர் இருவர்: ஒருவர் சவரிராயன் ஏசுதாசன் என்னும் தமிழர், மற்றவர் ஏர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் என்னும் ஸ்காட்லாந்து தேசத்தவர். இருவரும் மருத்துவர், இருவரும் மணம் செய்துகொள்ளாதவர். நோயாளர்க்கு மருந்து கொடுத்தும், கதர் உடுத்தும், எளிய உணவு உண்டும் ஒன்றாக வாழ்ந்தனர். நம் நாட்டுக் கோயில் அமைப்பிலே ஜெபாலயம் எழுப்பினர். இவற்றினும் என் மனத்தைக் கவர்ந்தது அவர்கள் வழங்கப்பட்ட பெயரே. மூத்தவராகிய ஏசுதாசன் பெரியண்ணன் எனவும், இளையவராகிய பேட்டன் சின்னண்ணன் எனவும் அழைக்கப்பட்டனர். வெள்ளையரைத் துரை என்று விளித்துக் கைகட்டி நின்ற காலம் அது. ஆளும் இனத்திற் பிறந்து செல்வக் குடியில் வளர்ந்த ஒருவர், ஒரு தமிழர்க்கு இளையவராக, சின்னண்ணனாக இருக்க உடன்பட்டார் என்பதை எண்ணிப் பாருங்கள். பெயரிலே குலம் என்ற சொல்லை வைத்தே குலப்பிரிவினைக்கு விடையிறுத்தது அவ்வாசிரமம். கிறிஸ்துவின் குலம் ஒன்றே. அதிலே அண்ணனும் தம்பியும் உண்டு, துரையும் அடிமையும் இல்லை. அருளுக்குத் துரை போதும், அன்புக்கு அண்ணன் வேண்டும்.

உறவுணர்ச்சியைக் கட்டளையிட்டு வருவிக்க முடியுமோ என்பது மற்றொரு தடை. இது வலிய வினா. விரைந்து விடைகூறத் தக்கதன்று. தன் நெஞ்சைப் பிசைந்து பார்த்து, ஊற்று வறண்டு கிடப்பதைக் கண்டு கலங்கும் நல்லோர் பலர் உளர். நம் வேதாகமத்தில் அன்புகூருதல் என்ற தொடர் பலகாலும் வருகின்றது. கூர்ப்பு என்பதைத் தொல்காப்பியனார் உரியியலிலே, முன்னரே உள்ளதொன்று சிறந்து மிகுவதைக் குறிக்கும் சொல்லாக வைத்தார். இல்லாததைப் படைத்துக்கொள்வது கூர்தல் ஆகாது. உள்ளது பெருகுவதே கூர்தல். நாம் அன்புகூர வேண்டும் என்னும் கட்டளை, நாம் முந்தி நேசிக்கப்பட்டோம் என்ற செய்தியின் பின்னேதான் யோவானின் நிருபத்தில் வருகின்றது. அளிக்கப்பட்டதை அடைத்துவையாமல் மடைதிறந்து விடுவதே நம்மேல் விழுந்த வேலை. மடை திறக்கும் கை முதலில் நடுங்கினும் குற்றமில்லை. உணர்ச்சி வந்தபின் பந்தியில் அமர்வோம் என்று காத்திருப்போரினும், அமர்ந்தபின் உணர்ச்சி வருவதைக் கண்டோர் பேறுபெற்றோர் என்பேன். விடுதியிலே நான்கு மாவட்டத்து மாணாக்கர் ஒரே மேசையில் ஓராண்டு உண்டபின், யார் எக்குலத்தார் என்பது மறந்துபோவதை நாமே கண்டிருக்கின்றோம்.

மறந்துபோன அஃது எப்பொழுது நினைவிற்கு வருகின்றது? கலியாணப் பேச்சு எடுத்தவுடனே வருகின்றது. கிறிஸ்தவ மணமக்கள் தேவை என்று வெளிவரும் விளம்பரங்களைப் பாருங்கள். ஞானஸ்நானம் பெற்றவராக, ஆலயத்திற்குத் தவறாது செல்பவராக, பாடற் குழுவிற் பாடுபவராக இருக்கவேண்டும் என்று வரிவரியாக எழுதிச் சென்று, ஈற்றிலே குலத்தின் பெயரையும் உட்பிரிவின் பெயரையும் மறவாது குறித்திருப்பர். பந்தியிலும் பாட்டிலும் ஒன்றாயிருந்தோர் அங்கே பிரிந்துவிடுகின்றனர். பெற்றோரை மட்டும் பழிப்பது நேர்மையன்று. ஊரார் சொல்லுக்கு அவர்கள் அஞ்சுகின்றனர், தம் மக்கள் தனித்து நிற்க நேருமோ என்று கவலுகின்றனர். அக்கவலையிலும் அன்பு உண்டு. ஆனால் அஞ்சுவோர் அவர்கள், மணம் செய்துகொள்வோர் நாம். நம்மிற் பெரும்பாலோர்க்கு இன்னும் சில்லாண்டுகளில் அப்பேச்சு வரும். வந்தபின் எதிர்த்துப் பேசுவது கடினம். அப்பொழுது மண்டபமும் நாளும் குறிக்கப்பட்டிருக்கும், தாயார் கண்ணீர் வடிப்பார். அதனினும், யாரும் எதனையும் நினையாத இக்கோடை விடுமுறையிலே, இராச் சாப்பாடு முடிந்து எல்லாரும் முற்றத்தில் அமர்ந்திருக்குங்கால், என் பொருட்டு விளம்பரம் எழுதும் நாள் வருமாயின் அந்தக் கடைசி வரியை எழுதவேண்டா என்று அமைதியாகச் சொல்லிவைப்பது எளிது. அப்பா செய்தித்தாளை மடித்துவைப்பார். பாட்டி ஏதேனும் சொல்லக்கூடும். சொல்லட்டும், விடுமுறைக்கு இரண்டு திங்கள் இருக்கின்றது.